சொருகியபடியே இருந்த அட்டை

இங்கிலாந்தின் ஸ்டோக் ஊரில் ரொட்டிக் கடை வரிசையில் நின்றால் போதும், கண்ணு, செல்லம் என்று கொஞ்சியே வாயைக் கிளறிவிடுவார்கள். அந்த ஊரில் அரசுக் கிளினிக்கின் ரிசப்ஷனில் இருந்துகொண்டு க்ளெனிஸ் ஒருத்தர் வியாதியை இன்னொருத்தர் காதில் போட்டதே இல்லை.

கெட்ட பழக்கம் ஒன்றுதான். தன் பேரில் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொருகும் அடையாள அட்டையை உருவ மாட்டாள். உருவினால் கம்ப்யூட்டர் மறுபடி விழிப்பதற்குள் வரிசை முணுமுணுக்கும். காலையில் சொருகினால் சாயங்காலம்தான் எடுப்பாள்.

ஒருநாள் ஒப்பந்தக் கம்பெனியிலிருந்து டேரன் வந்தான். நோயாளிகளுக்குச் செல்போனில் செய்தி அனுப்பும் புது ஏற்பாட்டைப் போட வந்தவன். வேலைக்கு வந்தவனுக்கு டீ தராவிட்டால் அங்கே அவமரியாதை.

“டீ குடிக்கிறியா, கண்ணு?”

“ரெண்டு சர்க்கரைம்மா. பிஸ்கட் இருந்தா வேண்டாம்னு சொல்லமாட்டேன்.”

அட்டையை அப்படியே விட்டுப் போனாள். டீயோடு வந்தபோது டேரன் சிரித்தான். “ஒரு செய்தி அனுப்பிப் பாத்தேன். ஜோரா போகுது.”

“யாருக்கு?”

“மேல இருந்த பேருக்கு. வெர்னன் பேக்னல். மறதி டாக்டரைப் பாக்குற தேதியை ஞாபகப்படுத்தி.”

க்ளெனிஸ் டீயைக் கீழே வைத்தாள். பஸ் ஓட்டி ஓய்ந்த மனுஷன் வெர்னன். போன வாரம்தான் மேசை மேல் குனிந்து சொன்னார்: “மறதி டாக்டரைப் பாக்கப் போறது நோரீனுக்குத் தெரிய வேணாம். நேரம் பாத்து நானே சொல்லிக்கிறேன்.” அவரிடம் செல்போன் கிடையாது. பதிவில் இருந்தது பெண்டாட்டி நோரீனின் நம்பர்.

செய்தி உங்கள் அட்டையிலிருந்துதான் போனது என்று கம்பெனி கைகழுவியது. கிளினிக் மேனேஜர் கேட்டதற்கு, “ஏதோ கோளாறு” என்று க்ளெனிஸ் முழுங்கிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து நோரீன் சீஸ் வைத்த ஓட்ஸ் ரொட்டியோடு வந்தாள். “வாயால சொல்ல முடியாதுன்னுதானே செய்தியா அனுப்பின? உன்னை மாதிரி சிநேகிதி யாருக்கடி வாய்க்கும்!”

க்ளெனிஸ் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். அது கையைச் சுட்டது. “வெர்னன் எப்படி இருக்காரு?”

“அவர் கிடக்கார். ‘க்ளெனிஸ் வாயை நம்பினேனே’ன்னு ஒரே புலம்பல். அந்த டாக்டர்கிட்டயும் போகமாட்டாராம்.”

க்ளெனிஸ் அட்டையை உருவினாள். திரை இருண்டது. வரிசையில் ஒருவன், “போச்சுடா!” என்றான்.

“இரு, நானும் உன் வீட்டுக்கு வர்றேன்,” என்றாள் நோரீனிடம். “ அந்தச் செய்தி நான் அனுப்பினது இல்ல.”

வீட்டில் வெர்னன் நாற்காலியில் இருந்தபடியே அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். டீ குடிக்கிறாயா என்று கேட்கவில்லை.

“அட்டையை எடுக்க மறந்தது நீ. மறதி டாக்டரைப் பாக்கப் போறது நானா?”

நோரீன் சிரித்துவிட்டாள். க்ளெனிஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

“டாக்டர்கிட்ட போறேன்,” என்றார் வெர்னன். “ஆனா நோரீன்கிட்ட நான் சொல்ல வச்சிருந்த வார்த்தை வீணாப் போச்சு. அதை உன் கம்பெனிக்காரன் திருப்பித் தருவானா?”

க்ளெனிஸ் கிளினிக்குக்குத் திரும்பி நடந்தாள். மேனேஜரிடம் இன்னும் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது.