லதீபா கடைச் சுவரில் தொங்கிய சான்றிதழ்

கஹவத்தைக் கடைத்தெருவில் லதீபாவின் சாப்பாட்டுக் கடைக்குப் போகும்போதெல்லாம் விஜயகலா ஒரே கதிரையில்தான் உட்காருவாள். அங்கிருந்து பார்த்தால், காசு மேசைக்கு மேலே, மக்காப் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட வற் வரிப் பதிவுச் சான்றிதழ் நேராகத் தெரியும். தேநீர் ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். லதீபாவுக்கு வாப்பாவின் கடை வந்தது. விஜயகலாவுக்கு றப்பர் மரம் வந்தது. சில வருடங்கள் பால் வெட்டிய பிறகு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, மதியச் சோற்றுப் பார்சல் கட்டி விற்கத் தொடங்கினாள்.

2004ஆம் ஆண்டு, மண்சரிவில் தோட்டத்து லயன் வீடுகளை இழந்தவர்களுக்கு வீடு கட்டித் தர ஒரு வெளிநாட்டு அரசாங்கம் முன்வந்தது. அதன் தூதரகம் ஊரில் ஓர் அலுவலகம் திறந்தது. அங்கே கணக்குப் பார்த்த ஜமால்தீன், அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் வேலையை இருவருக்கும் பங்கு போட்டான். கிழமையின் முதல் மூன்று நாள் லதீபா, மிச்சம் விஜயகலா.

லதீபாவின் பில் மெஷினில் அடித்து வரும். அடியில் ஒரு கோடு போட்டு, நூற்றுக்குப் பதினைந்து வற் என்று தனியாக இருக்கும். விஜயகலா கார்பன் வைத்துக் கையால் எழுதுவாள்.

"வெளிநாட்டு கவர்மெண்டுகிட்டயே வற் வாங்குறா பாருங்க" என்றாள் புருஷன் ஐயாவுவிடம்.

"வாங்கி அவ பெட்டியிலயா போட்டுக்கிறா? நம்ம கவர்மெண்டுக்குத்தானே கட்டுறா."

"கட்டட்டும். கட்டுற அளவுக்கு ஆளா இருக்கால்ல."

"இந்த வீட்டுல அடுப்ப விட ஒன் வயிறுதான் நல்லா எரியுது" என்று அவன் கையைக் கழுவப் போய்விட்டான்.

அடுத்த மாதத்திலிருந்து கிழமை முழுவதும் ஒருவருக்கே கொடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. வீடுகள் கட்டி முடியும்வரை நிரந்தர வேலை. சமையலில் தான் குறைச்சல் இல்லை என்று விஜயகலாவுக்குத் தெரியும். பருப்புக்கும் சம்பலுக்கும் இரண்டாம் முறை கேட்பவர்கள் இருந்தார்கள். பில்தான் தன்னைச் சின்ன ஆளாகக் காட்டுகிறது என்று முடிவுசெய்தாள்.

கபூரின் அச்சுக்கூடத்தில் தன் பெயர் போட்டுப் புதிய பில் புத்தகம் அடித்தாள். அடியில் வற் என்று போடச் சொன்னாள்.

"பதிவு நம்பர் சொல்லுங்க" என்றார் கபூர்.

"எடம் விடுங்க. நான் எழுதிக்கிறேன்."

மாதக் கடைசியில் பதினைந்து வீதம் கூட்டி பில்லைக் கொடுத்தாள். நம்பரின் இடம் வெறுமையாகவே இருந்தது.

மறுநாள் ஜமால்தீன் கூப்பிட்டு அனுப்பினான். தன் மாதக் காசை வாங்க லதீபா முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"கலாக்கா, நம்பர் எங்க?"

விஜயகலா லதீபாவின் பக்கம் பார்த்தாள்.

"நம்பர் இல்லாம வற் எடுக்கிறது குத்தம். டெக்ஸ் கந்தோர் ஆபீசர்மார் கண்டா கேஸ் போடுவாங்க."

"இவங்க எடுக்கிறாங்களே."

"இவங்களுக்கு நம்பர் இரிக்கி, எடுத்துத்தான் ஆகணும். ஆனா எம்பசிக்கு இந்த வற் இல்ல. நாங்க இவங்களுக்குக் கட்டிட்டு, பொறகு திருப்பித் தாங்கன்னு எழுதிப் போட்டு மாசக்கணக்கா காத்திட்டு இரிக்கோம். அந்தக் கரைச்சல் வேணாம்னுதான், நம்பர் இல்லாத ஒங்களுக்கே முழு வேலையும் குடுக்கச் சொல்லி எங்கட பெரியவர், லொக்கு மாத்தயா, நேத்து சொன்னார். இன்னைக்கு நீங்க இதக் கொண்டுவந்து வெச்சிரிக்கீங்க. அவருக்குக் காட்டவா, திருப்பி எடுக்கிறீங்களா?"

லதீபா மட்டும் அங்கே இல்லையென்றால் விஜயகலா உடனே எடுத்திருப்பாள்.

"எடுத்துக்க கலா" என்றாள் லதீபா. "இந்த நம்பர் வந்த நாள்ல இருந்து கணக்கு எழுத ஒரு ஆளு, அந்த ஆளத் தேடி ரத்னபுரிக்கு நடையா நடக்க நானு. ஒன்னப் பாத்தா எனக்குப் பொறாமையா இரிக்கி."

குத்திக்காட்டுகிறாள் என்றுதான் விஜயகலா நினைத்தாள். புதிய பில்லை நாலாகக் கிழித்தாள். பையில் கிடந்த பழைய புத்தகத்தை எடுத்து, வற் இல்லாமல் எழுதிக் கொடுத்தாள்.

"முழுக் கிழமையுமா?" என்றான் ஐயாவு. "அப்புறம் எதுக்கு மூஞ்சிய இப்புடி வச்சிருக்க?"

"எங்கிட்ட ஒண்ணும் இல்லங்கிறதுக்காகக் குடுத்தாங்க."

"குடுத்தாங்கல்ல. அரிசிய ஊற வை."

வீடுகள் கட்டி முடியும்வரை அவளே சமைத்தாள். சாப்பிட்டவர்கள் குறை சொன்னதில்லை. இடையிடையே லதீபாவின் கடைக்குப் போவதையும் நிறுத்தவில்லை. காசு மேசைக்கு முதுகைக் காட்டும் கதிரையில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

"அங்க காத்து வராது, இந்தப் பக்கம் வந்து இரியேன்" என்றாள் லதீபா ஒரு நாள்.

"இங்கயே நல்லா இருக்கு" என்று விஜயகலா தேநீரைச் சூடாகவே குடித்து முடித்தாள்.