நோஞ்சான் புள்ளிகள்

நிபியா தன் ஊரான சால்ட்டோவுக்குத் திரும்பிப் போய் வருடங்களாகின்றன. அங்கே கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். ஆனாலும் எங்கள் ஆய்வுக்கூடத்துப் பிரிட்ஜின் கீழ் அடுக்கில் யாரும் எதையும் வைப்பதில்லை. புதிதாக வந்தவர்கள் கேட்டால், அது நோஞ்சான்களின் இடம் என்று யாராவது சொல்வோம். அதற்கு மேல் விளக்குவதில்லை.

நிபியா ஓலஸ்கோவாகா தலைநகரான மொந்தேவிதேயோவுக்கு வந்தபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அதுவரை அப்பாவின் ஆரஞ்சு நாற்றுப்பண்ணையில் ஒட்டுக்கட்டியவள். மாலை வகுப்பில் உயிரியல் படித்து எங்களோடு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். என் மேசைக்கு அடுத்த மேசை அவளுடையது. நான் அதிகம் பேசமாட்டேன். இருவருக்குமாக அவளே பேசிவிடுவாள்.

அவள் எடுத்துக்கொண்டது ஒரு விசித்திரமான ஜோடி. சில பாக்டீரியாக்கள் தம்மையே முடக்கும் நஞ்சைத் தாமே தயாரிக்கின்றன. கூடவே அதற்கு முறிவையும் தயாரிக்கின்றன. நஞ்சு நெடுநேரம் தாங்கும். முறிவு சீக்கிரம் சிதைந்துவிடும், ஓயாமல் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். செய்கிறவரை பாக்டீரியா வளரும். முறிவு குறைந்தால் நஞ்சின் கை ஓங்கும், வளர்ச்சி நின்றுவிடும். அப்படி நிற்பது சாவா, தூக்கமா?

சாவுதான் என்றார் எங்கள் தலைவர் அதெமார். தூக்கம் என்றாள் நிபியா. இருவருக்கும் ஒரே வயது. சண்டையும் சரிசமமாக நடக்கும். அவளுடைய உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் காட்டிவிட்டால் பட்டம், இல்லாவிட்டால் திரும்பவும் நாற்றுப்பண்ணை.

உள்ளே எதையும் குடிக்கக் கூடாது என்பதால் நடைவழியில் நின்றுதான் மாத்தே குடிப்போம். ஒரே சுரைக்குடுவையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, ஒரே குழலால் ஒருவர் மாற்றி ஒருவர் உறிஞ்சுவோம். போதும் என்கிறவர் குடுவையைத் திருப்பும்போது நன்றி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுபடியும் அவர் முறை வரும். எல்லாரும் கசப்பாகக் குடிக்க, நிபியா மட்டும் தனிக்குடுவையில் சர்க்கரை போட்டுக்கொள்வாள். பால்குடி மறக்காத பிள்ளைகள் குடிப்பது அது என்று அதெமார் சீண்டுவார்.

"என் பாக்டீரியா தூங்கி எழுந்துச்சுன்னா, இதையே நீ குடிக்கணும்" என்றாள் ஒருநாள்.

"செத்தவன் எழுந்து வரட்டும். குடிக்கிறேன்."

நஞ்சின் மரபணுவையும் முறிவின் மரபணுவையும் தனித்தனி விசையில் பூட்டியிருந்தாள். அரபினோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்தால் நஞ்சு சுரக்கத் தொடங்கும். வேறொரு மருந்தைச் சேர்த்தால் முறிவு. இந்த பாக்டீரியாவை உயிரோடு வைத்திருக்க, பழைய வளர்ப்புத் தட்டில் கூட்டங்கூட்டமாக முளைத்த வெண்புள்ளிகளில் ஒன்றைப் பல்குச்சியால் தொட்டு, புதுத்தட்டில் இழுத்துவிட வேண்டும். அவள் கை எப்போதும் பெரிய, பளபளப்பான புள்ளிக்கே போகும். நாற்றங்காலில் பழகிய கை.

செப்டம்பரில், எங்கள் ஊர் வசந்தத்தில், சோதனையைத் தொடங்கினாள். அரபினோஸைச் சேர்த்தும் பாக்டீரியா நிற்கவில்லை. கஞ்சி போலக் கலங்கி வளர்ந்தது. சர்க்கரையை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள், குடுவைகளைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். நவம்பரும் வந்துவிட்டது.

ஒரு மதியம் அதெமார் அவளுடைய தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என்ன செழிப்பு, சால்ட்டோக்காரியின் கைராசி என்றார். நிபியா சிரிக்கவில்லை. தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"உள்ள நஞ்சை வச்சிருக்கிறவன் இப்படியா கொழுப்பான்?" என்று தன்னையே கேட்பதுபோல் சொன்னாள்.

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. விசையை மூடியிருந்தாலும் நஞ்சு கொஞ்சம் கசியும். அதனால் நஞ்சுள்ளவை மெலிந்தே வளரும். எதிலாவது நஞ்சின் மரபணு தானாகக் கெட்டுப்போனால், அது மட்டும் தடையில்லாமல் கொழுக்கும். ஒவ்வொரு தடவையும் அவள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது அதைத்தான். உறைபெட்டியில் சேமித்து வைத்ததும் அதன் வாரிசுகளைத்தான். முதலிலிருந்து மரபணுவைச் சேர்த்துக் கட்ட அவகாசம் கிடையாது.

"இந்தக் கண்ணுதான் பண்ணையில எங்களுக்குச் சோறு போட்டுச்சு" என்றாள். பிறகு மேசைமேலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக மூடி அடுக்கினாள். அவள் பேசாத மேசை எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் காலையில் பிரிட்ஜின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். நாற்றுப்பண்ணையில் மெலிந்த கன்றுகளைத் தூக்கி எறிவதில்லையாம். நிழலில் ஒதுக்கி வைப்பார்களாம், சில தேறும். அதே பழக்கத்தில், வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் பழைய தட்டுகளைக் கழித்துக்கட்டும்போது அவள் தன்னுடையவற்றை உறை சுற்றிக் கீழ் அடுக்கில் வைத்துவிடுவாள். நிபியா ஆஸ்பத்திரி என்று கேலி செய்வோம். அந்தக் குவியலின் அடியில் அவளுடைய முதல் தட்டு இருந்தது, ஓரம் காய்ந்துபோய். பெரிய புள்ளிகளுக்கு நடுவே, மூச்சு விட்டால் பறந்துவிடும் போல, கடுகை விடச் சிறிய புள்ளிகள்.

இந்த முறை இருப்பதிலேயே நோஞ்சானைத் தொட்டாள். அதை வளர்த்து அரபினோஸ் சேர்த்தாள். வளர்ச்சி நின்றது. பாக்டீரியா வளராததற்காக நாங்கள் அத்தனை பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.

நின்றுபோனவற்றை நேரம் விட்டு விட்டு எடுத்து, முறிவைத் தூண்டும் தட்டுகளிலும் தூண்டாத தட்டுகளிலும் தடவினாள். மறுநாள் நான் போனபோது அவற்றை மேசைமேல் பரப்பியிருந்தாள். முறிவில்லாதவை வெறுமையாகக் கிடந்தன. முறிவு கிடைத்தவற்றில் புள்ளி புள்ளியாக எழுந்திருந்தது.

அதெமார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசித் தட்டில் நின்றார்.

"ரொம்ப நேரம் நஞ்சுல கிடந்தது எழலயே."

"அது செத்துப்போச்சு. அதையும் எழுதுறேன். அந்த அளவுக்கு நீ சொன்னதும் சரி."

அவர் நடைவழிக்குப் போனார். பின்னாலேயே நாங்களும் போனோம். அவளுடைய குடுவையை எடுத்து, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, வெந்நீர் ஊற்றி, குழல் காற்றை இழுத்துச் சத்தம் போடும்வரை உறிஞ்சினார். சகிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

நன்றி சொல்லாமல் குடுவையை அவளிடம் நீட்டினார்.