இடது கையால் வெட்டிய நட்சத்திரம்

பொறாமையால் ஒரு சின்னப் பெண்ணின் கையை முடக்கியவன் நான். அவளுக்கு அப்போது ஐந்து வயது. எனக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவன். இடது கைப் பழக்கம் குறையல்ல, அதை மாற்றக் கூடாது என்று எத்தனையோ பெற்றோருக்கு நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அதனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

நல்லூரில் மகள் வீட்டில் இருந்தேன். பேரன் யூ.கே.ஜி. படித்தான். சின்ன வகுப்புகளுக்கு டிசம்பர் தொடக்கத்திலேயே அரையாண்டு லீவு விட்டார்கள். அன்று அவனுடைய மிஸ் என்னை நிறுத்தி, "விரல்ல பலமே இல்லீங்க சார், பென்சில் நழுவுது. லீவுல எழுத வெக்காதீங்க. வெட்டி ஒட்ட உடுங்க. கத்தரிக்கோல் பழகுனா பென்சில் தானா நிக்கும்" என்றார். வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கா இந்தச் சொல் என்று எனக்குச் சுருக்கென்றது.

மறுநாளே கூடத்தில் பாய் விரித்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகள், காலண்டர் தாள், பனியன் பெட்டி அட்டை, மைதாவில் காய்ச்சிய பசை, முனை மழுங்கிய கத்தரிக்கோல் இரண்டு. வட்டம் வரைந்து கொடுத்தேன். பேரன் நாக்கைத் துருத்திக்கொண்டு வெட்டினான். தாள் மடங்கி, கத்தரிக்கோலுக்குள் சிக்கிக் கிழிந்தது.

பின்னால் வரிசையாக இருந்த வாடகை வீடுகளில் ஒன்றில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம் இருந்தது. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போவாள். அவளுடைய பெண் பகலில் தனியாக இருக்கிறாளே என்று என் மகள்தான் அவளையும் பாயில் உட்காரவைத்தாள்.

அந்தக் குழந்தைக்கு இடது கை. கடையில் விற்கும் கத்தரிக்கோல் வலது கைக்காரர்களுக்கென்றே செய்யப்பட்டது. இடது கையில் பிடித்தால் வெட்டும் கோடு தெரியாது. அவள் தலையைச் சாய்த்து அந்தப் பக்கமாக எட்டிப் பார்த்துக்கொண்டே வெட்டினாள். கத்தரிக்கோலை அசைக்காமல் தாளைத்தான் திருப்பினாள். வட்டம் வட்டமாகவே வந்தது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒன்றை மடித்து வெட்டிப் பிரித்துக் காட்டியபோது மகள் வாய்விட்டுச் சொன்னாள்:

"ஏனுங்கப்பா, பாருங்களேன்! மிஷின்ல வெட்டுன மாதிரி. நம்மூட்டுப் பையன் வெட்டுனது எலி கடிச்சாப்பல இருக்குது."

பேரன் சிரித்தான். "அப்புச்சி, எனக்கும் இவளே வெட்டிக் குடுக்கட்டும்" என்றான். அவனுக்குப் பொறாமை இல்லை. இரண்டு குழந்தைகளின் விரல்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது. அவள் வராத நாளில்கூட மகள் சுவரில் ஒட்டிவைத்த அந்த நட்சத்திரம் என்னைப் பார்த்தது.

ஒரு நாள் மகள் கடைக்குப் போயிருந்தாள். நான் குனிந்து, அந்தக் குழந்தையின் கையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து மற்ற கையில் மாட்டினேன். "பீச்சாங்கையில வெட்டக் கூடாது கண்ணு. சோத்தாங்கையில புடி." குரல் கனிவாகத்தான் இருந்தது. அதோடு விடவில்லை. மாலையில் வேலை முடிந்து வந்த அவள் அம்மாவிடமும், "இப்பவே மாத்தாட்டி ஸ்கூல்ல எழுத்து பின்தங்கிப் போயிரும்" என்றேன்.

"எங்க அத்தையும் இதத்தான் சொல்லுவாவ, நான்தான் கேக்கல. நீங்க படிச்சவிய, இனிப் பழக்குதேன் ஐயா" என்று அவள் நன்றியோடு போனாள்.

அடுத்த நாட்களில் அந்தக் குழந்தை வெட்டியதெல்லாம் பிய்ந்தது. பேரன் வெட்டுவது நேராகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. நேராகவில்லை. பக்கத்தில் இருந்தது அதைவிடக் கோணலாகியிருந்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு அவள் வருவது நின்றது.

கிறிஸ்துமஸ் அன்று அம்மாவும் பெண்ணும் முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டுவந்தார்கள். குழந்தையின் இடது மணிக்கட்டைப் பனியன் துணிக் கீற்றால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. புதுக் கவுன் அந்த இடத்தில் கசங்கியிருந்தது.

"கை ஏன் கட்டியிருக்குது?" என்று பேரன் கேட்டான்.

"ஒங்க அப்புச்சி சொன்னாவளாம்" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

மகள் என்னைப் பார்த்தாள். முந்திரிக்கொத்தை நான் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே அந்த அம்மாவிடம் சொன்னேன். "அம்மிணி, நான் சொன்னது பொய்ங்க. அந்தக் கையில ஒரு குத்தமும் இல்ல. எம் பேரன விட நல்லா வெட்டுனா, எனக்குப் பொறுக்கல."

"நீங்க சொன்னீயன்னு பிள்ளைய அடிச்சிட்டேனே ஐயா" என்றாள். என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறி, இடது கைக்காரர்களுக்கான சின்னக் கத்தரிக்கோல் ஒன்றைத் தேடி வாங்கிவந்தேன். பேரன் போய்க் கூப்பிட்டதால் அந்தக் குழந்தை மறுபடி வந்தாள். நான் நீட்டியதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பழைய கத்தரிக்கோலை வலது கையில் எடுத்துக்கொண்டாள். "உனக்கு எது வருதோ அதுலயே வெட்டு சாமி" என்றேன். தலையாட்டினாள். கை மாறவில்லை.

நான் எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன். சற்று நேரத்தில் கூடத்திலிருந்து கத்தரிக்கோல் சத்தம் கேட்டது, இடையில் நிற்காமல், தாளைத் திருப்பித் திருப்பி ஒரே சீராக. "மறுக்கா ஒண்ணு வெட்டு" என்று பேரன் கெஞ்சினான். கதவிடுக்கில் பார்த்தேன். இடது கை. தலை சாய்ந்திருந்தது.

அந்த லீவு முடியும்வரை நான் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்க வெளியே வர வேண்டியிருந்தால் முதலில் இருமுவேன். சத்தம் நின்றுவிடும். நான் கூடத்தைக் கடக்கும்போது கத்தரிக்கோல் அவளுடைய வலது கையில் இருக்கும்.