தடுப்பு என்ற சொல்லின் மீது பெரியப்பா தொடுத்த வழக்கு

தமிழில் அதற்குத் தடுப்பூசி என்று பெயர் வைத்தவர் நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். ஆனால் அவருக்கு உங்கள் பெரியப்பாவை, அதாவது என் அண்ணரை, தெரியாது. ஒரு பொருளுக்கு ஒரு பெயர் இருந்தால் அந்தப் பெயர் சொல்வதை அது செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர் அவர். இங்கே நோர்வேயில், ட்வெய்ட்டாவில் அவரும் பெரியம்மாவும் இருக்கும் மாடிக் கட்டடத்தில் மின்தூக்கி பழுதாகி நின்றபோது, "தூக்கேல்லை எண்டா அதுக்கு வேறை பேர் வையுங்கோ" என்று சொன்னவர்.

பிள்ளைகளே, இதை உங்கள் இருவருக்காகவும் எழுதுகிறேன். சின்னவனுக்குப் பாதி ஞாபகம் இருக்காது. நான் ஊரில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன், விஞ்ஞானம் பிழைத்தால் மூத்தவள் திருத்தட்டும். நான் கேட்காவிட்டாலும் திருத்துவாள்.

கொரோனா வந்த முதல் வருடம், ஊசி என்ற பேச்சே இல்லாத காலத்தில், பெரியப்பாவுக்கு அது வந்தது. அவர் ஓடும் டாக்சியில் ஏறிய யாரோ கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அவருக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் உண்டு. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்திருந்தார்கள். ஒருநாள் தொலைபேசியில் அவரோடு கதைத்தேன். கதைத்தேன் என்பது சரியில்லை. அவருக்கு மூச்சு இரைவதைக் கேட்டுக்கொண்டு நான் மட்டும் கதைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்ன எதையும் அவர் மறுக்கவில்லை.

பிழைத்து வந்தார். ஊசி வந்ததும் எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு போய்ப் போட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுப் படம் எடுத்து லண்டனுக்கும் கனடாவுக்கும் அனுப்பினார். இரண்டாவதும் போட்டார். அதற்குப் பிறகு அவர் நடையே மாறிப்போனது. கவசம் போட்ட ராசா மாதிரிக் கடைத்தொகுதிக்குள் போய்வந்தார்.

அந்த வருடக் குளிர்காலத்தில் புதுத் திரிபு வந்தது. ஊசி போட்டவர்களுக்கும் தொற்றுகிறது என்று செய்தியில் சொன்னார்கள். சீனி வருத்தக்காரர் போன்றவர்கள் மூன்றாவதைப் போட வேண்டும் என்றார்கள். பெரியப்பா எங்கள் வீட்டுக் குசினியில் வந்து இருந்து, தேத்தண்ணியைத் தொடாமல் வழக்கைத் தொடங்கினார்.

"தடுப்பூசி எண்டியள். ரெண்டு போட்டன். இப்ப மூண்டாவதும் போடட்டாம். அப்ப முதல் ரெண்டும் என்னத்தைத் தடுத்தது?"

"அண்ணை, வைரஸ் மாறிட்டுது."

"மாறினா அது வைரசின்ரை கெட்டித்தனம். தடுக்கிறன் எண்டு சொன்னது ஊசியெல்லோ?"

அப்போதுதான் மூத்தவள் தலையிட்டாள். "பெரியப்பா, நோர்வேப் பாஷையிலை அதுக்கு வக்சீன எண்டு மட்டும்தான் பேர். அது ஒண்டையும் ஸ்டொப் பண்ணுறன் எண்டு சொல்லேல்லை. தமிழ்தான் அப்பிடிச் சொல்லுது."

"அப்ப பிழை தமிழிலை எண்டுறாய்."

"அந்தச் சொல்லிலை."

"சனிக்கிழமையிலை உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தி இறக்கினது நான். இதுக்குத்தானோ?"

அவள் சிரித்துக்கொண்டு போய்விட்டாள். நான் விடவில்லை. உடம்புக்குள் நடப்பதை அவள் எனக்கு முதல்நாள்தான் விளங்கப்படுத்தியிருந்தாள். அதை என் அறிவுக்கு எட்டியபடி ஊர்ப் பாணியில் எடுத்துவிட்டேன். வாசலில் சோதனைச் சாவடி ஒன்று இருக்கிறது. அங்கே நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பிடிப்பார்கள். புதுத் திரிபு முகத்தை மாற்றிக்கொண்டு வருவதால் அவர்களில் பலர் ஏமாந்துவிடுவார்கள். ஆனால் உள்ளே வேறு ஆட்கள் நிற்கிறார்கள். அவர்கள் நடையைப் பார்த்தே இவன் யார் என்று கண்டுபிடித்து, வீட்டைக் கொளுத்துவதற்கு முன் அமுக்கிவிடுவார்கள். மூன்றாவது ஊசி இரண்டு பகுதியையும் நித்திரையால் எழுப்பிவிடும்.

பெரியப்பா பொறுமையாகக் கேட்டார்.

"சோதனைச் சாவடியோ? சண்டைக் காலத்திலை ஊரிலை அடையாள அட்டையை மாத்தினவன் சிரிச்சுக்கொண்டு போனான். மாத்தாத என்னைத்தான் வெயிலிலை இருத்திவைச்சவங்கள். நீயும் பக்கத்திலை இருந்தனி."

உவமை அதோடு செத்துப்போயிற்று. சாவடியை நம்பச் சொல்லி எங்கள் ஆட்களில் ஒருவரிடம் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வாதத்தில் தோற்பது எனக்குப் பழக்கம். பயத்துக்குத்தான் பழகவில்லை. அவர் ஒவ்வொரு நாளும் டாக்சி ஓடினார், பின்னால் ஏறியவர்கள் இருமினார்கள். முன்பு போட்ட ஊசியின் பலமும், வந்துபோன நோய் கொடுத்த பலமும் நாள் போகப்போகக் குறையும் என்று சொல்லியிருந்தார்கள். தொலைபேசியில் அந்த இரைச்சலை இன்னொரு முறை கேட்க என்னால் ஏலாது.

அதனால் முன்மாதிரியாக இருப்போம் என்று முடிவெடுத்தேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவன் என்பதால் எனக்கு மூன்றாவது ஊசி சுலபமாகக் கிடைத்தது. போட்டேன். பெரியப்பாவுக்கு அறிவித்தேன். சில வாரங்களில் தொண்டை கரகரத்தது. வீட்டிலேயே மூக்கைக் கிண்டிச் சோதித்துப் பார்த்தால், முன்மாதிரி மனிதருக்கு இரண்டு கோடு.

படுக்கை அறையில் என்னை அடைத்துவைத்தார்கள். யார் செய்தி சொன்னார்களோ தெரியாது, சின்னவன் இன்றைக்கும் தான் இல்லை என்கிறான். பெரியப்பாவின் அழைப்பு வந்தது.

"மூண்டு ஊசிக்காரருக்கு ரெண்டு கோடாம்."

"சொல்லுங்கோ அண்ணை. சொல்லி முடியுங்கோ."

"நீ மூண்டு போட்டனி, உனக்கு வந்திட்டுது. நான் ரெண்டு, எனக்கு வரேல்லை. இன்னும் குறையப் போட்டிருந்தா நான் இன்னும் நல்லா இருந்திருப்பன் போலை."

காய்ச்சலோ கோபமோ, எனக்கு ஏறிவிட்டது. தொண்டை நோவோடு தொடங்கினேன். ஆஸ்பத்திரியில் அவர் கிடந்த கிடையைச் சொன்னேன். பெரியம்மா அழுததைச் சொன்னேன். சொல்லைப் பிடித்துத் தொங்குகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். கடைசியில் அவருடைய தொழிலுக்கே போனேன்.

"பனிக்கு டயர் மாத்திறியள்தானே? மாத்தினாப் பிறகும் சறுக்குதோ இல்லையோ?"

"சறுக்கும்."

"சறுக்குது எண்டு கோடை டயரோடை ஓடுறியளோ? சறுக்கினாலும் ஆத்துக்குள்ளை போகாமல் நிக்கும் எண்டுதானே மாத்திறியள்?"

"டயர்காரன் அதுக்குச் சறுக்காத டயர் எண்டு பேர் வைக்கேல்லை. பனி டயர் எண்டு மரியாதையா வைச்சவன்."

அதற்கும் கத்தினேன். எதைக் கத்தினேன் என்று ஞாபகமில்லை.

"டேய்," என்றார் பெரியப்பா.

"என்ன?"

"எவ்வளவு நேரமாக் கத்துறாய் நீ?"

"நீங்கள் கத்த வைக்கிறியள்."

"மூச்சு வாங்கேல்லை உனக்கு. எனக்கு அப்ப ஆஸ்பத்திரியிலை தண்ணி எண்டு கேக்கவே மூச்சுக் காணேல்லை. நீ கத்திக் கத்தி டயர் வரைக்கும் வந்திட்டாய்."

அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

மூத்தவள் முகக்கவசத்தோடு கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எனக்கு வெற்றி என்று நினைத்து அவளைப் பார்த்தேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அப்பா, ஒரு ஆளை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. இந்தத் திரிபு கொஞ்சம் லேசானதாவும் இருக்கலாம். ஊசி இல்லாட்டியும் நீங்கள் இப்பிடித்தான் கத்தியிருப்பியளோ தெரியாது."

"அப்ப ஊசி ஒண்டும் செய்யேல்லை எண்டுறியோ?"

"இல்லை. கனக்கச் சனத்தைப் பாத்துத்தான் அது செய்யிறதைச் சொல்லுறவை. தொத்துறதை முந்தி மாதிரி மறிக்காது, ஆஸ்பத்திரிக்குப் போறதை நல்லாக் குறைக்கும். அதுக்கு உங்கடை தொண்டை ஆதாரம் இல்லை."

"சரி. இதைப் பெரியப்பாவுக்கு விளங்கப்படுத்திப்போடாதை."

"அவர் பிழையான காரணத்துக்கெல்லோ போடப் போறார்."

"முதல் போடட்டும். காரணத்தைப் பிறகு திருத்துவம்."

அவளுக்குத் திருப்தி இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்படிப் படிப்பிப்பதில்லை. ஆனால் பெரியப்பாவிடம் சொல்லவில்லை, அதற்கு அவளுக்கு நன்றி.

இரண்டொரு நாளில் பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, இப்ப சுகமோ? உங்கடை அண்ணர் போட்டிட்டு வந்திட்டார்."

"என்ன சொல்லிப் போனவர், அண்ணி?"

"ஒண்டும் சொல்லேல்லை. பாண் வாங்கப் போறன் எண்டு போனவர். பாணும் இல்லாமல் வந்து நிக்கிறார். கை நோகுதாம், குலைப்பன் காய்ச்சல் மாதிரி நடுங்குதாம். எல்லாம் உங்களாலைதான் எண்டு ஏசிக்கொண்டு கிடக்கிறார்."

"கனக்க ஏசுறாரோ?"

"விடியத் தொடங்கினவர். இன்னும் நிப்பாட்டேல்லை. கேக்குதோ?"

கேட்டது. அவர்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து தெளிவாக, மூச்சு இரையாமல், என் சின்ன வயதுப் பிழைகள் வரைக்கும் போய்க்கொண்டிருந்தார்.

"ஏசட்டும் அண்ணி," என்றேன். "மறிக்காதேங்கோ."