உம்மாவின் நடையை அறிந்த சிப்

இன்று மத்தியானம் கிளிநொச்சியில் வானம் கறுத்தது. முதல் இடி கேட்டதுமே எழும்பி, மேசையிலிருந்த வயர்களைக் கழற்றத் தொடங்கினேன். எலெக்ட்ரோனிக்ஸ் படித்தவன்தான், இடிக்கென்று என்னென்னவோ காப்புகளும் பூட்டியிருக்கிறேன். ஆனாலும் கை தானாகப் பிளக்குக்குப் போகிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? கொஞ்ச நேரத்தில், எதிர்பார்த்தபடியே, தண்ணீரூற்றுக் கிராமத்திலிருந்து என் கூட்டாளி ரிஸ்வானின் உம்மா போன் எடுத்தார்.

“மகன், அங்க இடி முழங்குதோ? வயரெல்லாம் கழட்டிட்டீங்களோ?”

“ஓம் உம்மா, கழட்டிட்டன்.”

மழை மண் வாசனை வந்தால் எனக்கு ஈயம் உருகும் புகைதான் மூக்கில் ஏறும், கூடவே உம்மாவின் இஞ்சித் தேத்தண்ணீரும். முன்பு ரிஸ்வானும் நானும் அந்த வீட்டில், அவனுடைய அறையில், வயலுக்குள் வரும் யானையைக் கண்டுபிடிக்க ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தோம். முற்றத்தில் புதைத்த சென்சர் காலடி அதிர்வைப் பிடிக்கும். மாடு என்றால் பச்சை லைட், யானை என்றால் சிவப்பு. சோதிக்க யானைக்கு எங்கே போவது? என்னைக் குதிக்கச் சொன்னான். சிவப்பு எரிந்தது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அதற்குள் இருந்த சிப் ஒரு விசித்திரமான சாமான். வாங்கும்போது அதற்கு ஒரு வேலையும் தெரியாது. கணினியில் நாம் எழுதியதை ஏற்றினால், உள்ளே இணைப்புகள் மாறி நாம் நினைத்த கருவியாகிவிடும். கரண்ட் போனால் அத்தனையும் மறந்துவிடும். மறக்காமலிருக்க, பக்கத்தில் ஒரு நினைவுச் சிப் பூட்டி அதில் எழுதிவைக்க வேண்டும். ரிஸ்வான் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான்.

“பொறு மச்சான், இன்னும் ஒரு வேலை இருக்கு. முடிச்சிட்டுப் பூட்டுவம்.”

கோழிக்குத் தீன் போட உம்மா முற்றத்தில் இறங்கினால் பச்சை எரிந்தது. “என்னை மாடு எண்டு சொல்லுதோ உன்ர பெட்டி?” என்று அவர் கோபித்தார். அதனால் அவருக்கென்று ஒரு மஞ்சள் லைட் வைத்து, ஒரு காலை இழுத்து நடக்கும் அவர் நடையைச் சிப்புக்குப் பழக்கினான். அது சரிவந்த மறுநாள் மாங்குளம் றோட்டில் லொறி மோதி அவன் போய்விட்டான். சிப்புக்கு எழுதியதெல்லாம் பையிலிருந்த லப்டொப்பில்தான் இருந்தது, அதுவும் நொறுங்கிவிட்டது.

பெட்டி மட்டும் அறையில் ஓடிக்கொண்டிருந்தது. உம்மா நடந்தால் மஞ்சள் எரிந்தது. “பிள்ளை என்னைப் பாக்கிறான்” என்று முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தார். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பெட்டிக்கு ஒரு பற்றரியும் பூட்டி, “எது நடந்தாலும் இதை நிப்பாட்டாதீங்கோ” என்று சொன்னேன். சிப்பில் இருப்பதை அப்படியே வெளியே எடுக்கும் கருவிக்குக் கொழும்புக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

அது வருவதற்குள் ஒரு நாள் இடி வந்தது. மறுநாள் நான் போனதும் உம்மா சொன்னார்:

“நீங்க சொன்னதை மறக்கேல்லை மகன். பக்கத்துத் தென்னையில இடி விழுந்து எரிஞ்சுது. அவன்ர சாமானும் எரிஞ்சுபோயிடும் எண்டு பயந்து பற்றரியையும் கழட்டிப்போட்டன்.”

துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்ததை எடுத்து வந்து கரண்ட் கொடுத்தார். நடந்தார். ஒன்றும் எரியவில்லை.

“பழுதாப் போச்சுதோ?”

“இல்லை உம்மா. பழுதில்லை.”

சிப்பில் ஒரு கீறல்கூட இல்லை. அது மறந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு என் மேசையில் இன்னொரு பெட்டி செய்து, எத்தனையோ விதமாக எழுதி, அங்கே கொண்டுபோய்ப் பார்த்தேன். உம்மா நடந்தால் பச்சைதான் எரிகிறது.

“அவன்ர பெட்டியையும் கழட்டி வச்சிட்டன் மகன். ஒண்டும் ஆகாது, பயப்பிடாதீங்கோ” என்றார் இன்று போனில்.

இப்போது மழை விட்டுவிட்டது. அங்கே அவர் அதை எடுத்துப் பூட்டியிருப்பார். முற்றத்தில் ஒரு தரம் நடந்துவிட்டு, அறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.