பாலேஸ்வரியின் மூன்றரை அடி

பண்டத்தரிப்புப் பக்கத்தில் பாலேஸ்வரியிடம் வாய்கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. ஓவசியர் வேலை பார்த்த நானும் தப்பவில்லை. குளம் வெட்டுகிற இடங்களில் அவளும் வேறு பெண்களும் பாடுபடுவார்கள். ஆனால் அவளுடைய கூலி கணவர் நமசிவாயத்தின் பெயரில் எழுதப்பட்டு அவர் கைக்குப் போகும். அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

எண்பத்தாறு ஆவணியில் குளம் வற்றியதும் என் முன்னால் வந்து நின்றாள்.

“ஐயா, எங்களுக்குத் தனியாக் குழி அளந்து தாங்கோ. ஆம்பிளையளைவிடக் கூட வெட்டினால், குளக்கட்டு வேலை முழுக்க என்ரை பேரிலை தரவேணும்.”

“ஓம்” என்றேன். மறுத்து அவளிடம் யார் பேச்சு வாங்குவது?

ஒரே நீள அகலத்தில் இரண்டு குழி குறித்தேன். குழி நடுவில் ஒரு மண்தூணை வெட்டாமல் விடவேண்டும். பழைய நிலம் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதற்கு, புல் முளைத்த அதன் தலைதான் சாட்சி. தூணின் உயரமே குழியின் ஆழம். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் வெட்டிய மண்ணின் கணக்கு வந்துவிடும். இங்கே நீள அகலம் ஒன்றுதான் என்பதால், ஆழம் கூடியவருக்கே வேலை. இராணுவ ஹெலி மேலே சுற்றும்போது பதுங்கவும் அந்தக் குழிகள் உதவின.

அளவெடுக்கும் நாள் வந்தது. பெண்கள் மூன்றரை அடி, ஆண்கள் மூன்றே முக்கால். நமசிவாயம் மீசையைத் தடவிக்கொண்டார். பாலேஸ்வரியின் முகம் செத்துப்போனது. எனக்கே பாவமாக இருந்தது.

ஆனால் குளமெல்லாம் புல் கருகிக் கிடக்க, ஆண்களின் தூண் மட்டும் பச்சைத் தலையோடு நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். புல்லுக்கு நடுவே வெங்காயத் தாள்! எங்கிருந்தோ புல்லும் மண்ணுமாகக் கட்டியாகப் பெயர்த்து வந்து, தூணின் தலையில் ஒட்டி, வாடிவிடக் கூடாதென்று தண்ணீரும் ஊற்றியிருக்கிறார்கள் விண்ணர்கள். மண்ணுக்குள் கிடந்த வெங்காயம் சும்மா இருக்குமா?

எனக்கும் குறும்பு வந்தது.

“இது ஆரின்ரை வெங்காயம்?” என்று உரக்கக் கேட்டேன்.

பாலேஸ்வரி கணவரிடம் பாய்ந்து வந்தாள்.

“இஞ்சருங்கோ! எங்கடை தோட்டத்து வரம்பைக் கிண்டினது பக்கத்து வீட்டு ஆடு எண்டல்லோ சொன்னனீங்கள்? அந்த மனுசியோடை நான் சண்டையும் பிடிச்சிட்டன்!”

நமசிவாயம் அந்த ஆட்டைப் போலவே விழித்தார். ஒட்டிய தலையைச் சீவிவிட்டு மறுபடி அளந்தேன். மூன்றேகால்.

ஆண்கள் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டுமே! மறுவாரம் குளக்கட்டில் வேலை கேட்டு அவளிடமே வந்தார்கள். முதல் ஆள் நமசிவாயம். பாலேஸ்வரி மண் சுமக்கும் ஓலைக் கடகத்தை அவரிடம் நீட்டினாள்.

“மண்ணைத் தூக்குங்கோ. கூலியைச் சனிக்கிழமை என்னட்டை வந்து வாங்குங்கோ.”