செல்வத்துக்குப் போட்ட இலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, காத்து, கருப்பு எதையும் நான் நம்புகிறவள் இல்லை. காட்கோபரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஊசி குத்தி ரத்தம் எடுப்பேன், மெஷினில் வைப்பேன், அது என்ன காட்டுகிறதோ அதை எழுதுவேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். யாராவது மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டு வந்தால் கயிற்றை அந்தப் பக்கம் தள்ளு என்று அதட்டுகிற ஆள் நான். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

விஷயம் என் தம்பி செல்வத்தைப் பற்றியது. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில் அம்மா கட்டிக் கொடுத்த டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வாஷிக்கு வேலைக்குக் கிளம்பினான். வேலைக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. சண்டை இல்லை, காதல் கீதல் இல்லை. கொஞ்ச நாளாகவே பேச்சுக் குறைந்து போயிருந்தான், நாங்கள்தான் கண்டுகொள்ளவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தோம், ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் படம் ஒட்டினோம். அடையாளம் தெரியாத பிணம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று போன் வந்தால் நான்தான் போவேன். பதினோரு தடவை போயிருக்கிறேன். முதலில் எல்லாம் துணியை விலக்கும்போது இவனாக இருக்கக் கூடாது என்று நினைப்பேன். மூன்றாவது வருடத்திலிருந்து, இவனாகவே இருந்து தொலைக்கட்டும் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

போன வருடம் என் மகள் கௌரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் பெயர் இல்லாமல் பத்திரிகை அடிக்க முடியாது, அவளுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் செல்வம். அவன் பெயரைச் சும்மா போடுவதா, முன்னால் 'அமரர்' சேர்த்துப் போடுவதா? மாப்பிள்ளை வீட்டில் மரியாதையாகத்தான் சொன்னார்கள், இறந்தவர் என்றால் கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு இலை போட்டுப் படைத்துவிடுங்கள், பிறகு மனக்குறை வேண்டாம் என்று. நானும் காத்திருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அம்மாதான் மசியவில்லை. எழுபத்து மூன்று வயது, தாராவியில் நாங்கள் பிறந்து வளர்ந்த அதே ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். என்னோடு செம்பூரில் வந்து இரு என்றால், செல்வம் வந்தால் வீடு பூட்டிக் கிடக்குமே என்பாள். படத்துக்கு மாலை போட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"எங்க சித்தப்பாவுக்கு எங்கப்பா செஞ்சத நான் எம்புள்ளைக்குச் செய்ய மாட்டேன்ட்டி" என்றாள்.

அந்தச் சித்தப்பா பெயர் சுடலைமுத்து. என் தாத்தா மாடசாமியும் அவருமாகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்குத் தோல் பதனிடும் ஷாப்பு வேலைக்கு வந்தவர்கள். வந்த சில வருடத்தில் சுடலைமுத்துவுக்குப் புத்தி கலங்கிவிட்டதாம். சோற்றில் தோல் நாறுகிறது என்று தட்டைத் தூக்கி எறிவாராம். கயிறு கட்டிப் பார்த்தார்கள், வேப்பிலை அடித்துப் பார்த்தார்கள். ஒரு நாள் தாத்தா ஆத்திரம் தாங்காமல் அடித்துவிட்டார், அன்றைக்கு வெளியே போனவர்தான். மூன்று வருடம் பார்த்துவிட்டுத் தாத்தா அவர் படத்துக்கு மாலை போட்டு ஆடி அமாவாசைக்கு இலை போட ஆரம்பித்தார். அவிய செத்தத யாரு கண்டா என்பதுதான் அம்மாவின் கேள்வி. அப்போது அவள் கைக்குழந்தை, இதெல்லாம் பிற்பாடு அவளுக்கு அவள் அம்மா சொன்னது.

எனக்கு வீம்பு பிடித்துக்கொண்டது. சுடலைமுத்து நிஜமாகவே செத்துப்போனார், தாத்தா செய்தது சரிதான் என்று ஒரு காகிதத்தைக் காட்டிவிட்டால் அம்மா இறங்கி வருவாள் இல்லையா? அம்மாவின் டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் நோட்டு ஒன்று இருந்தது, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பிறப்பு, இறப்பு, கல்யாணம், ஊருக்குப் போனது எல்லாம் வருடவாரியாக எழுதியிருந்தார். நடுவில் ஒரு பத்திரிகைத் துண்டு ஒட்டியிருந்தது. காணவில்லை, பெயர் சுடலைமுத்து, மாநிறம், வலது கைச் சுண்டுவிரலில் நகம் கிடையாது என்று. தோல் ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டி தின்ற நகம். கீழே பத்திரிகையின் பெயரையும் தாத்தா எழுதி வைத்திருந்தார், அந்தக் காலத்தில் பம்பாயிலேயே அச்சான தமிழ் வாரப் பத்திரிகை.

அதற்குப் பின்னால் ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை ஒரே ஒரு வரி. 'தம்பிக்கு இலை போட்டது. சோறு குறைந்திருந்தது.' நான்கு வருடம் அதே வரி. ஐந்தாவது வருடம், 'சோறு அப்படியே இருந்தது.' அதற்கப்புறம் தாத்தா இருந்தவரைக்கும் எல்லா வருடமும் 'அப்படியே இருந்தது' தான். படித்துவிட்டு நான் சிரித்தேன். நாலு வருடம் எலி தின்றிருக்கிறது, அப்புறம் யாரோ பூனை வளர்த்திருக்கிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார்.

அடுத்த வாரமே ஆடி அமாவாசை வந்தது. அச்சகத்துக்காரர் வேறு நச்சரித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தெரியாமல் என் வீட்டிலேயே செய்துவிட்டேன். செல்வத்தின் படத்தைச் சுவரோரம் வைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, முன்னால் தலைவாழை இலை. சோறு, சாம்பார், வடை, பாயசம். சோற்றைக் குவித்து மேலே கையால் தட்டி வழவழப்பாக்கினேன். எங்கள் பக்கத்தில் படைத்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். பகல் பன்னிரண்டரை மணிக்கு நானும் அவரும் கௌரியும் நாலாவது மாடிப் படிக்கட்டில் போய் நின்றோம். கௌரி போனை நோண்டிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தேன்.

சோறு குறைந்திருந்தது. ஒரு ஓரமாக ஒரு கை அள்ளின மாதிரி குழிந்திருந்தது. ஜன்னல் முழுக்கப் புறா வலை, காக்காய் வர வழியில்லை. எலியா? என் வீட்டில் எலி கிடையாது, இருந்தாலும் எலி சிந்தாமல் தின்னாது. ஒரு பருக்கை வெளியே இல்லை. ரொம்ப நல்ல சகுனம் என்றார் அவர். எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. இலையை எடுப்பதற்காகச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவர்ப் பக்கம், படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அந்தக் குழி சரியாக என் இடது கைக்கு நேரே இருந்தது.

செல்வம் இடது கைக்காரன். சின்ன வயதில் பீச்சாங்கையால் சாப்பிடாதே என்று அம்மா கரண்டியால் அடிப்பாள். அடி வாங்கிக்கொண்டே இடது கையால் சாப்பிடுவான். எனக்கு அங்கிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. கௌரி வந்து, என்ன மம்மி, தபியத் சரியில்லையா என்று கேட்டாள். வெயில் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மாட்டுங்காவுக்குப் போனேன். அங்கே ஒரு பழைய தமிழ் வாசகசாலையில் அந்த வாரப் பத்திரிகையைக் கட்டுக் கட்டாக வைத்திருப்பதாக முன்பே விசாரித்து வைத்திருந்தேன். இனி அம்மாவுக்காகத் தேடவில்லை, எனக்காகத்தான். சுடலைமுத்து செத்துப்போனவர் என்று தெரிந்துவிட்டால் செத்தவர்கள் வந்து சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம், அதுகூடத் தேவலை என்று இருந்தது. அங்கே இருந்த பெரியவர், ஏதோ கம்பெனியில் ரிடையர் ஆனவர், நீங்க எந்த வருஷம் பாக்கணும்ங்கறேள் என்று கேட்டு, தூசி தட்டி எடுத்துப் போட்டார். தாத்தாவின் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மாலை நாலு மணி இருக்கும்.

நாலாவது தடவை இலை போட்டாரே, அதற்கு ஒரு மாதம் கழித்து வந்த இதழில், கடைசிப் பக்கத்தில், எண்ணெய் விளம்பரத்துக்கும் ஜோசியர் விளம்பரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன அறிவிப்பு இருந்தது. அப்படியே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம்.

'தாராவி தோல் ஷாப்பு அண்ணன் மாடசாமிக்குத் தம்பி எழுதிக்கொள்வது. நான் உயிரோடு இருக்கிறேன். என் படத்தைக் கழற்றவும். எனக்கு இலை போட வேண்டாம். நீ போடுகிற நாளில் இருந்து என் கைக்கு வந்த சோறு வாய்க்குள் போகமாட்டேன் என்கிறது. மற்ற வருடங்களில் சில நாளில் சரியாகிவிட்டது. இந்த வருடம் சரியாகவில்லை.'

விலாசம் இல்லை. நான் அந்தக் கட்டை மூடிவிட்டு வெளியே வந்து ஒரு காபி குடித்தேன். திரும்பப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அடுத்த ஆடி அமாவாசைக்குக் கொஞ்ச நாள் முன்னால் வந்த இதழில் ஐந்து வரிச் செய்தி. ரயில்வே யார்டை ஒட்டிய கொட்டகையில் பெயர் தெரியாத ஆண் பிணம், எலும்பும் தோலுமாக இருந்தது, தமிழ் பேசுவாராம், இரக்கப்பட்டு அக்கம்பக்கத்தார் கொடுத்த சோறு நான்கு தட்டுகளில் தொடாமல் காய்ந்து கிடந்தது, வலது கைச் சுண்டுவிரலில் நகம் இல்லை.

அந்த வருடம்தான் தாத்தா 'சோறு அப்படியே இருந்தது' என்று எழுதியிருக்கிறார். தம்பியின் அறிவிப்பை அவர் பார்த்தாரா பார்க்கவில்லையா, எனக்குத் தெரியாது. பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். இரண்டையும் நகல் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் செல்வத்தின் படத்திலிருந்து மாலையைப் பிடுங்கி எறிந்தேன். பொட்டை ஈரத்துணியால் துடைத்தேன். ஒரே ஒரு தடவைதானே, சில நாளில் சரியாகிவிடும் என்று அந்த அறிவிப்பிலேயே இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாருங்கள், நம்பாதவள் பேசுகிற பேச்சை.

கல்யாணப் பத்திரிகையில் 'தாய்மாமன் செல்வம்' என்று மட்டும் அடிக்கச் சொன்னேன். அதை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுத்தபோது அவள் அந்த எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். எப்படி மனசு மாறினே என்று கேட்டாள். நான் பொய் சொல்லியிருக்க வேண்டும். இலை போட்டதையும் சோறு குறைந்ததையும் சொல்லிவிட்டேன். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"எந்தப் பக்கம் கொறஞ்சிருந்துச்சு?" என்று கேட்டாள். இடது பக்கம் என்றேன். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள், அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. "அப்ப எம்புள்ள இருக்கான்" என்றாள்.

மாட்டுங்காவில் படித்ததை மட்டும் சொல்லவில்லை. உன் அப்பா தன் கையாலேயே தம்பியைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டார் என்று எழுபத்து மூன்று வயதுக்காரியிடம் எப்படிச் சொல்வது? அதுதான் முடிந்துபோன கதையாயிற்றே, நான்தான் மாலையைக் கழற்றிவிட்டேனே என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதற்கப்புறம் வேலை, மறுவீடு, அது இது என்று அம்மாவைப் போனில் விசாரிப்பதோடு சரி, தாராவிக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் போனேன். ஒரு அமாவாசைக்கு மறுநாள். உள்ளே நுழைந்தால், சுவரோரம் செல்வத்தின் படம், மாலை இல்லை, பொட்டு இல்லை, முன்னால் தட்டு கவிழ்த்து மூடிய ஒரு வாழை இலை.

புரட்டாசியில் இருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் போடுகிறாளாம். செத்தவனுக்கு இல்லை, உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத்தான் போடுகிறேன், எங்கே இருந்தாலும் மாசத்துக்கு ஒரு நாள் அம்மா கைச்சோறு போகட்டும் என்றாள். முதலில் கை நிறைய எடுத்தானாம். போகப்போகக் கொஞ்சமாம். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. பிறகு அவள் குனிந்து தட்டை எடுத்தாள்.

"நேத்து மட்டும் சோறு அப்படியே இருந்துச்சுட்டி. நீயே பாரு. உப்பு கூடிட்டோ என்னமோ" என்றாள்.

பார்த்தேன். குவியல் உருண்டையாக, எங்கேயும் குழியாமல், அம்மா தட்டிய விரல் தடம் அப்படியே இருந்தது.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அந்த இரண்டு நகலும் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கின்றன, தினமும் அதைத் தூக்கிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். அதற்கப்புறம் மூன்று அமாவாசை ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலையில் அம்மா போன் செய்து, இந்தத் தடவையும் தொடலட்டி என்கிறாள். உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போட்டுப் பாரும்மா என்று நானும் சொல்கிறேன்.